பெயரோடு போய்ச் சேரட்டும்: சொந்தமாக நூல் வெளியிட்ட ஒரு செவிலியரின் அனுபவம்

படுத்த படுக்கையாகிவிட்ட முதியவர்களை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்பவர்களுக்காக ஒரு கையேடு எழுதி, அதை எந்தப் பதிப்பகத்தின் வழியாகவும் அல்லாமல் நானே அச்சிட்டு வெளியிட்டேன். அரசு மருத்துவமனைகளில் செவிலியராகப் பணியாற்றி ஓய்வுபெற்று இப்போது அயனாவரத்தில் வசிக்கிறேன். பக்கவாதம் வந்த தந்தையையோ இடுப்பெலும்பு முறிந்த மாமியாரையோ வீட்டுக்கு அழைத்துச் செல்லும் குடும்பத்தினர் வார்டு வாசலில் நின்று கேட்கும் கேள்விகள் எனக்கு மனப்பாடம். எப்படிப் புரட்டிப் படுக்க வைப்பது, மூக்குக் குழாய் வழியாக உணவு கொடுக்கும்போது தலைப்பக்கத்தை எவ்வளவு உயர்த்துவது, சிறுநீர்ப் பையை எங்கே தொங்கவிடுவது என்ற அந்தக் கேள்விகளுக்குப் படத்துடன் விடை சொல்லும் தமிழ் நூல் ஒன்று அவர்கள் கையில் இருக்க வேண்டும் என்று விரும்பினேன். நான் அணுகிய பதிப்பாளர்கள் மரியாதையாகவே பேசினார்கள். ஆயினும் பெரிய எழுத்து, ஏராளமான கோட்டோவியங்கள், மருத்துவ நடைமுறை மாறினால் உடனே திருத்தி அச்சிடும் சுதந்திரம் ஆகிய மூன்றையும் ஒருசேரத் தர அவர்களுடைய தொழில்முறை இடம் கொடுக்கவில்லை. ஆகவே சொந்தப் பதிப்பு என்று முடிவு செய்தேன்.

நூலைப் பரப்புவது ஒரு வேலை, அதைக் காப்பது வேறொரு வேலை என்றுதான் எனக்கு ஆலோசனை சொன்னவர்கள் எல்லோரும் பிரித்துச் சொன்னார்கள். பரப்ப வேண்டுமானால் தாராளமாக எல்லோருக்கும் கொடுக்க வேண்டும், காக்க வேண்டுமானால் யாருக்கும் கொடுக்காமல் பூட்டி வைக்க வேண்டும் என்பதுபோல அந்த இரண்டும் எதிரெதிராக நின்றன. என் அனுபவத்தில் இவை ஒரே வேலையின் இரு பக்கங்கள். நூலின் ஒரு பகுதி எழுதியவரின் பெயரும் நூல் கிடைக்கும் இடமும் இல்லாமல் ஒருவர் கைக்குப் போகுமானால், அதனால் நூலும் விற்பதில்லை, உரிமையும் நிலைப்பதில்லை; பெயரோடு போகுமானால் இலவசமாகப் போன பக்கமும் இரண்டுக்கும் உதவுகிறது. கீழே சொல்பவை எல்லாம் இந்த ஓர் எண்ணத்தை ஒட்டியவையே.

முதலில் விலையைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனெனில் பரப்புதலுக்கான பணம் விலையிலிருந்துதான் வர வேண்டும். டெமி அளவில் 160 பக்கம் என்றால் ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் 16 பக்கத்தை ஒரு பாரம் என்று கொண்டு பத்துப் பாரம். சில நூறு பிரதிகள் மட்டும் போதும் என்றால் டிஜிட்டல் அச்சு கட்டுப்படியாகும். ஆயிரத்துக்கு மேல் போகும்போதுதான் அச்சுத் தகடு (பிளேட்) செய்யும் செலவு எல்லாப் பிரதிகளுக்கும் பரவி, தகடு வைத்து அச்சிடும் ஆஃப்செட் முறை மலிவாகிறது. திருவல்லிக்கேணியிலும் இராயப்பேட்டையிலும் அச்சகக்காரர்கள் சொல்லும் ஒரு பிரதிச் செலவைக் கேட்டவுடன் அதன் மேல் சிறிது சேர்த்து விலை வைத்துவிடத் தோன்றும். எடுத்துக்காட்டாக, பிரதிக்கு 90 ரூபாய் செலவாகும் நூலுக்கு 200 ரூபாய் விலை வைத்து, கடைக்கு 35 சதவீதம் கழிவு கொடுத்தால் கைக்கு வருவது 130 ரூபாய். மீதி நிற்கும் 40 ரூபாயிலிருந்துதான் ஆட்டோ, கூரியர், கடையிலிருந்து அழுக்கேறித் திரும்பும் பிரதிகள், மதிப்புரைக்கு அனுப்பும் பிரதிகள், நண்பர்களுக்கு அன்பளிப்பாகப் போகும் பிரதிகள் எல்லாம் கழிய வேண்டும். கடைகள் பெரும்பாலும் விற்ற பிறகே பணம் தரும், அதற்கும் மாதங்கள் ஆகும். எனவே கழிவைக் கழித்துக் கைக்கு வரும் தொகை அச்சுச் செலவைப் போல இரு மடங்காவது இருக்க வேண்டும் என்று கணக்கிட்டு விலை வைத்தேன். கடைக்குக் கொடுக்கும் ஒவ்வொரு கட்டுக்கும் டெலிவரி சலானில் கையொப்பம் வாங்கினேன். அந்தச் சலான் இல்லாமல் மூன்று மாதம் கழித்துப் போய் நின்றால், எத்தனை பிரதி கொடுத்தோம் என்பதே வாக்குவாதமாகிவிடும்.

அச்சகத்துக்குக் கோப்பை அனுப்பும்போதே காப்பு வேலை தொடங்குகிறது. மெய்ப்புப் பார்க்கவும் விலை கேட்கவும் முழு நூலின் பிடிஎஃப் கோப்பை நான்கைந்து அச்சகங்களுக்கு அனுப்புவது இங்கே வழக்கமாகிவிட்டது. விலை சொல்வதற்குப் பக்க எண்ணிக்கை, அளவு, தாள், அட்டையின் தன்மை, கட்டுமானம் ஆகியவை போதும். முழுக் கோப்பும் அச்சிடப்போகும் ஒருவரிடம் மட்டும் போனால் போதும். வடிவமைத்தவரிடமிருந்து பிற்பாடு திருத்தக்கூடிய இறுதித் திறந்த கோப்பையும் எழுத்துருக்களின் பெயரையும் எழுதி வாங்கிக்கொள்வது அதைவிட முக்கியம். நம் ஊர் டிடிபி மையங்களில் பல இன்னும் எல்லாக் கணினியிலும் ஒரே மாதிரி படிக்கப்படும் யூனிகோடு முறை அல்லாத பழைய எழுத்துருக்களில் வேலை செய்கின்றன. அந்தக் கோப்பை மின்னூலாக்கும்போது எழுத்துகள் உருமாறி, வரிக்கு வரி திருத்த வேண்டியிருக்கும். யூனிகோடில் தட்டச்சு செய்யச் சொல்லித் தொடக்கத்திலேயே ஒப்புக்கொள்ள வைத்ததால் அந்தத் தொல்லை எனக்கு ஏற்படவில்லை.

நூல் வெளியிட்டுத் தருவதாகக் கட்டணம் வாங்கும் நிறுவனங்களைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஒரு நிறுவனம் எனக்கு அனுப்பிய ஒப்பந்தத்தில், அச்சுச் செலவு முழுவதும் நான் கொடுத்த பிறகும், எல்லா வடிவங்களிலும் எல்லா மொழிகளிலும் உள்ள உரிமை அவர்களுக்கே என்ற வரி எட்டாம் பக்கத்தில் இருந்தது. நான் கையெழுத்திடவில்லை. பதிப்புரிமைச் சட்டம், 1957இன் 19ஆம் பிரிவின்படி உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில் இருந்தால்தான் செல்லும். எந்த உரிமை, எவ்வளவு காலம், எந்த நிலப்பரப்பு என்பது அதில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டமே வரம்பு கட்டுகிறது. ஆனால் 'என்றென்றும், உலகெங்கும்' என்று எழுதியதில் நாமே கையெழுத்திட்டால் அந்த வரம்புகள் நமக்கு உதவா. அதே அக்கறையை நாம் பிறருக்கும் காட்ட வேண்டும். என் நூலுக்குப் படம் வரைந்த இளைஞரிடம், அச்சு நூலிலும் மின்னூலிலும் மறுபதிப்பிலும் சுவரொட்டியிலும் அந்தப் படங்களைப் பயன்படுத்தும் உரிமையை உரிய பணம் கொடுத்து எழுத்தில் பெற்றேன். வாய்ப்பேச்சில் விட்டிருந்தால் இரண்டாம் பதிப்பின்போது அவருக்கும் எனக்கும் மனக்கசப்பு வந்திருக்கும்.

பதிப்புரிமை எழுதிய கணத்திலேயே பிறக்கிறது. அதைப் பெற எங்கும் விண்ணப்பிக்க வேண்டியதில்லை. எழுதியவர் வாழ்நாள் முழுவதும், அவர் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகளும் அது நிலைக்கும். பலர் நினைப்பதுபோல ஐஎஸ்பிஎன் எண் பதிப்புரிமையைத் தருவதில்லை. அது நூலை அடையாளம் காட்டும் எண் மட்டுமே. இந்தியாவில் அந்த எண்ணை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இணையவழியில் கட்டணமின்றியே வழங்குகிறது. ஆகவே அதைப் பெற்றுத் தருவதாக யாராவது பணம் கேட்டால், விண்ணப்பம் நிரப்பும் கூலியாக மட்டுமே அதைக் கருத வேண்டும். வெளியீட்டாளர் என்ற இடத்தில் யார் பெயர் பதிவாகிறது என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உரிமை இருப்பது ஒன்று, அதை நிரூபிப்பது இன்னொன்று. பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்வது கட்டாயம் இல்லையென்றாலும் நான் செய்தேன். இலக்கியப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய். இணையத்தில் விண்ணப்பித்தவுடன் ஒரு டைரி எண் கிடைக்கும், 30 நாள் யாராவது ஆட்சேபம் சொல்கிறார்களா என்று காத்திருந்து பிறகு பரிசீலிப்பார்கள். பதிவேட்டில் உள்ள விவரம், மாறாக நிரூபிக்கப்படும் வரை செல்லும் முதல்நோக்குச் சான்றாக நீதிமன்றத்தில் ஏற்கப்படும் என்று 48ஆம் பிரிவு சொல்கிறது. பிற்பாடு இணையதளங்களுக்குப் புகார் எழுதியபோது அந்தச் சான்றிதழை இணைத்ததால் எதிர்க் கேள்விகள் பெரிதும் குறைந்தன. கையெழுத்துப் பிரதியைத் தனக்குத்தானே பதிவுத் தபாலில் அனுப்பி உறையைப் பிரிக்காமல் வைத்துக்கொள்வது போதும் என்று சிலர் இன்னும் சொல்கிறார்கள். சட்டம் தரும் பதிவுக்கு அது ஈடாகாது.

இதோடு பலர் கண்டுகொள்ளாத ஒரு கடமையும் உண்டு. 1954ஆம் ஆண்டின் நூல்கள் வழங்கல் சட்டப்படி, வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை, மும்பை, டெல்லி ஆகிய நகரங்களின் வைப்பு நூலகங்களுக்கும் பதிப்பாளர் தன் செலவில் பிரதி அனுப்ப வேண்டும். நம் ஊரில் அந்த வைப்பு நூலகம் எழும்பூரில் 1896 முதல் இயங்கும் கன்னிமாரா பொது நூலகம். சொந்தப் பதிப்புக்காரர்கள் இதை வீண் செலவாகக் கருதுகிறார்கள். எனக்கோ இது பரப்புதலும் காப்பும் ஒன்றாகச் சேரும் இடமாகவே தோன்றுகிறது. எந்த ஆண்டில், யார் பெயரில், எந்த வடிவில் நூல் வெளிவந்தது என்பதற்கு ஒரு பொது நிறுவனத்தின் அடுக்கிலேயே சான்று கிடைத்துவிடுகிறது. நூலைத் தேடி வரும் ஆய்வாளருக்கும் அது கிடைக்கிறது.

இனி பரப்புதல். வெளியீட்டு விழாவைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு விருப்பமில்லை. மண்டப வாடகை, பொன்னாடை, தேநீர், அழைப்பிதழ் என்று செலவாகும் பணத்தில் அச்சகத்தின் பில் ஒன்றையே அடைத்துவிடலாம்; வருபவர்கள் நம் உறவினரும் நண்பரும்தான், அவர்கள் விழா இல்லாமலும் வாங்குவார்கள். அதைவிடப் பழைய வழி ஒன்று எனக்குப் பயன்பட்டது. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, நூலை வாங்கிக்கொள்வதாகப் பலரிடம் முன்கூட்டியே கையொப்பம் பெற்றார். இன்று அதையே முன்வெளியீட்டுத் திட்டம் என்கிறோம். என்னுடன் பணியாற்றிய செவிலியர்களிடமும், பணிக்காலத்தில் பழகிய குடும்பங்களிடமும் சலுகை விலையில் முன்பணம் பெற்றேன். அச்சுச் செலவின் ஒரு பகுதி அதிலேயே கிடைத்தது. எத்தனை பிரதி அச்சிடலாம் என்பதற்கு ஊகத்தின் இடத்தில் ஒரு பட்டியல் கிடைத்தது என்பதே அதைவிடப் பெரிய பயன்.

என் வாசகர் யார், அவர் எந்த நேரத்தில் எங்கே நிற்கிறார் என்று யோசித்ததுதான் விற்பனையை மாற்றியது. ஒரு முதியவர் படுக்கையில் விழுந்த வாரத்தில் அந்தக் குடும்பத்தில் யாரும் புத்தகக் கடைக்குப் போவதில்லை. அவர்கள் போவது மருந்துக் கடைக்கும், மருத்துவமனைக் கட்டிலும் சக்கர நாற்காலியும் காற்று மெத்தையும் வாடகைக்குக் கொடுக்கும் கடைக்கும்தான். புரசைவாக்கத்தில் அப்படிப்பட்ட ஒரு கடைக்காரர் நூலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சிஸ்டர், கட்டில் எடுக்க வர்றவங்க எப்படிப் பாத்துக்கணும்னு எங்கிட்டதான் கேக்குறாங்க. எனக்கென்ன தெரியும்? பத்து புக்கு வச்சிட்டுப் போங்க" என்றார். கல்லாவுக்கு அருகில் வைத்த அந்தப் பிரதிகள், பெயர்பெற்ற புத்தகக் கடைகளில் வைத்தவற்றைவிட விரைவாகத் தீர்ந்தன. அதன்பின் பெரம்பூர், அண்ணா நகர், குரோம்பேட்டை என்று அத்தகைய கடைகளையும் இயன்முறை சிகிச்சை நிலையங்களையும் தேடிப் போனேன். சமையல் நூலோ, மாடித் தோட்ட நூலோ, வரலாற்று நூலோ, எதை எழுதியவருக்கும் இத்தகைய ஓர் இடம் இருக்கும்; விதைக் கடையிலும் பாத்திரக் கடையிலும் கோயில் வாசலிலும் விற்கக்கூடிய நூல்களை நாம் புத்தகக் கடையில் மட்டும் வைத்துவிட்டு வாசகர் இல்லை என்று வருந்துகிறோம்.

புத்தகக் கடைகளே வேண்டாம் என்று இதற்குப் பொருளில்லை. 1977இல் அண்ணா சாலையில் மதரஸா பள்ளியில் தொடங்கி இப்போது நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்தில் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சியில், ஒரே ஒரு நூல் வைத்திருப்பவர் தனி அரங்கு எடுப்பது கட்டுப்படியாகாது. ஒத்த துறை நூல்களை விற்கும் ஒரு பதிப்பாளரின் அரங்கில் பேசி வைக்கலாம். வாசகருக்குக் கொடுக்கும் பத்து சதவீதத் தள்ளுபடி யார் பங்கிலிருந்து கழிகிறது, காட்சி முடிந்து எத்தனை நாளில் கணக்கு முடிப்பது, மீந்த பிரதிகளை யார் எடுத்து வருவது ஆகியவற்றைக் காட்சி தொடங்கும் முன்பே எழுதிக்கொள்ள வேண்டும். பொங்கல் விடுமுறைக் கூட்டத்தில் நான் சில மாலைகள் அந்த அரங்கில் நின்று, வருபவர்களின் கேள்விகளுக்கு விடை சொன்னேன். அங்கே கேட்கப்பட்ட கேள்விகளில் பல இரண்டாம் பதிப்பில் புதிய பக்கங்களாயின. பொது நூலகத் துறைக்கும் விண்ணப்பிக்க வேண்டும். நூலக ஆணை கிடைத்தால் துறை தன் கணக்கின்படி விலை நிர்ணயித்துக் கிளை நூலகங்களுக்கு வாங்கும்; ஆயினும் அந்த ஆணையை நம்பி அச்சு எண்ணிக்கையை உயர்த்துவது கூடாது என்பது என் உறுதியான கருத்து, ஏனெனில் காலமும் அளவும் நம் கையில் இல்லை.

வெளியூர் வாசகருக்கு அனுப்பும் செலவு சொந்தப் பதிப்புக்காரரை அரித்துவிடும். குறைந்த கட்டணத்தில் நூல் அனுப்பப் பயன்பட்ட பதிவுப் புத்தகத் தபால் சேவையை அஞ்சல் துறை 2024 டிசம்பரில் நிறுத்தியபோது சிறு பதிப்பாளர்கள் மிகவும் திணறினார்கள். 2025 மே 1 முதல் ஞான் போஸ்ட் என்ற சேவை வந்திருக்கிறது. 300 கிராம் வரை 20 ரூபாய், ஐந்து கிலோ வரை 100 ரூபாய் என்ற அளவில் தரைவழியாகச் செல்லும். நூலில் அச்சகத்தார் அல்லது பதிப்பாளர் பெயர் அச்சிடப்பட்டிருக்க வேண்டும், விளம்பர இதழ்களை அனுப்ப முடியாது என்ற நிபந்தனைகள் உண்டு.

இப்படி நூல் மெல்ல நடமாடத் தொடங்கிய பிறகுதான் திருட்டும் தொடங்கியது. படுக்கைப்புண் பற்றிய என் அத்தியாயத்தின் பக்கங்களை யாரோ கைப்பேசியில் படம் எடுத்து, என் பெயர் இருந்த மேல் விளிம்பை வெட்டிவிட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்கள். அதை அடுத்தவர் தட்டச்சு செய்து அனுப்ப, மூன்றாமவர் தன் பங்குக்குச் சில வரிகளைச் சேர்த்திருக்கிறார். என்னிடம் வந்து சேர்ந்த வடிவத்தில், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்ட வேண்டும் என்று நான் எழுதியிருந்தது அப்படியே இருந்தது. அதற்குக் கீழே, ஆறாத புண்ணில் முகப்பவுடர் தூவினால் ஈரம் வற்றும் என்று நான் ஒருபோதும் எழுதாத ஒரு வரி இருந்தது. பணம் போனதைப் பற்றி அப்போது எனக்கு நினைவே வரவில்லை. அந்த வரியை நம்பி எந்த வீட்டில் எந்த மூதாட்டியின் புண்ணில் பவுடர் கொட்டப்படுகிறதோ என்ற பயம்தான் வந்தது. பெயர் இல்லாத எழுத்தில் பிழைக்குப் பொறுப்பேற்கவும் ஆளில்லை, திருத்தம் கேட்கவும் முகவரி இல்லை. பதிப்புரிமையை எழுத்தாளரின் வருமானம் என்ற அளவில் மட்டுமே பேசுவது எவ்வளவு குறைபாடானது என்று அன்று உணர்ந்தேன். அது வாசகரின் பாதுகாப்பும்கூட. சட்டமும் இதை அறிந்தே இருக்கிறது. உரிமையை விற்றுவிட்ட பிறகும்கூட, படைப்பு தன்னுடையது என்று சொல்லும் உரிமையும், தன் மதிப்பைக் கெடுக்கும் வகையில் அதைச் சிதைப்பதைத் தடுக்கும் உரிமையும் ஆசிரியரிடமே இருக்கும் என்கிறது பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு.

தனிப்பட்ட குழுக்களில் சுற்றும் செய்தியைப் பிடித்து நிறுத்த முடியாது. அதை முந்திக்கொண்டு போகும் நல்ல வடிவம் ஒன்றை நாமே அனுப்பலாம். அந்த அத்தியாயத்தின் சாரத்தை ஒரே பக்கப் படமாக்கினேன். பெயரை விளிம்பில் போட்டால் வெட்டிவிடுவார்கள் என்பதால், புரட்டும் முறையைக் காட்டும் படத்தின் நடுவே, நோயாளியின் முதுகுக்குப் பின்னால் வரும் வெற்றிடத்தில் என் பெயரையும் நூலின் பெயரையும் வைத்தேன். பவுடர், மஞ்சள், எண்ணெய் எதையும் திறந்த புண்ணில் போடக் கூடாது என்ற வரியைப் பெரிய எழுத்தில் சேர்த்து, எனக்குத் தெரிந்த எல்லாக் குழுக்களுக்கும் அனுப்பினேன். அதைப் பார்த்து நூல் கேட்டவர்கள், கடைகள் வழியாக வாங்கியவர்களுக்குக் குறைவில்லாமல் வந்தார்கள்.

பொதுவெளியில் கிடக்கும் திருட்டுப் பிரதிக்கு வேறு வழி. முழு நூலையும் ஸ்கேன் செய்து டெலிகிராம் சேனல்களில் போடுவதும், யூடியூபில் அத்தியாயம் அத்தியாயமாகக் குரலில் வாசித்து விளம்பர வருமானம் பெறுவதும் தமிழ் நூல்களுக்கு அன்றாடம் நடக்கின்றன. குரலில் வாசிப்பதற்கு உரிமை வேண்டாம் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. மதிப்புரைக்காகச் சில பத்திகளை வாசிப்பது வேறு, முழு நூலையும் அனுமதியின்றி ஒலிவடிவாக்கிப் பொதுமக்களுக்குத் தருவது உரிமை மீறலே. இத்தகையவற்றைக் கண்டால் கோபத்தோடு பின்னூட்டம் எழுதும் முன் சான்றைச் சேர்க்க வேண்டும்: முழு இணைப்பு முகவரி, தேதியும் நேரமும் தெரியும் ஸ்கிரீன்ஷாட், சேனலின் பெயர், பார்வை எண்ணிக்கை. நாம் எச்சரித்தவுடன் அவர்கள் அழித்துவிட்டு வேறு பெயரில் போட்டால், முதல் மீறலுக்குச் சான்று இருக்காது.

அதன்பின் தளத்தின் பதிப்புரிமைப் புகார்ப் படிவத்தை நிரப்ப வேண்டும். யூடியூபில் ஒரு சேனலுக்கு மூன்று எச்சரிக்கைகள் சேர்ந்தால் அந்தச் சேனலையே முடக்குவார்கள் என்பதால், வாசித்தவர் அநேகமாக விரைவாகவே தொடர்புகொள்வார். என் நூலை அப்படி வாசித்து, பிறகு என்னிடம் பேசிய ஒரு பெண், "அம்மா, நல்ல விஷயமா இருந்துச்சு, நாலு பேருக்குப் போய்ச் சேரட்டும்னுதான் படிச்சேன்" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை என்றே நம்பினேன். முழு வாசிப்பை நீக்கிவிட்டு, நூலின் பெயரைச் சொல்லி ஓர் அத்தியாயத்தை மட்டும் வாசித்துக்கொள்ள எழுத்தில் அனுமதி கொடுத்தேன். அது இன்றும் எனக்கு வாசகரைக் கொண்டுவருகிறது.

பதில் சொல்லாத தளங்களுக்கு 2013ஆம் ஆண்டின் பதிப்புரிமை விதிகளில் 75ஆம் விதி பயன்படும். படைப்பு எது, உரிமை யாருடையது, மீறல் எங்கே இருக்கிறது என்பதையும், நீதிமன்றத்தை அணுகி 21 நாளுக்குள் ஆணை பெற்றுத் தருவதாக உறுதிமொழியையும் எழுதி அனுப்பினால், புகாரில் நியாயம் இருப்பதாகக் கருதும் தளம் 36 மணி நேரத்துக்குள் அதை நிறுத்திவைக்க வேண்டும். அந்த 21 நாளில் ஆணை வராவிட்டால் தளம் மறுபடியும் திறந்துவிடலாம். ஆகவே வழக்குக்குப் போகும் எண்ணம் உண்மையில் இருக்கும்போதுதான் அந்த உறுதிமொழியை எழுத வேண்டும். டெலிகிராமில் யார் போட்டார்கள் என்றே தெரியாது என்று மனம் தளர வேண்டாம். போட்டித் தேர்வு நூல்கள் எழுதும் ஓர் ஆசிரியர் தொடுத்த வழக்கில், மீறிய சேனல்களை நடத்துபவர்களின் விவரத்தைத் தர வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2022 ஆகஸ்டில் உத்தரவிட்டது. டெலிகிராம் நிறுவனமும் பிறகு விவரங்களைத் தந்தது. தெரிந்தே செய்யும் மீறல் பதிப்புரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். அது காவல் துறை நேரடியாக வழக்குப் பதியக்கூடியது என்று உச்ச நீதிமன்றமும் அதே ஆண்டில் தீர்ப்பளித்தது.

வழக்கு என்றவுடன் டெல்லிக்கும் மும்பைக்கும் அலைய வேண்டுமோ என்று அஞ்சத் தேவையில்லை. 62ஆம் பிரிவு, உரிமையாளர் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடர இடம் தருகிறது; சென்னை உயர் நீதிமன்றத்தில் அறிவுசார் சொத்துரிமை வழக்குகளுக்கெனத் தனிப் பிரிவும் வந்துவிட்டது. எழுதும் பெண்களுக்கு நான் தவறாமல் சொல்லும் செய்தி ஒன்று உண்டு: 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் வருமான வரம்பு பார்க்காமலேயே பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி பெறும் தகுதியைத் தருகிறது. வழக்கில் முகாந்திரம் இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை.

எல்லாவற்றையும் துரத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. என் கருத்தை வேறொருவர் தம் சொற்களில் எழுதினால் அதில் எனக்கு உரிமை எதுவும் இல்லை. சட்டம் காப்பது எழுதப்பட்ட வடிவத்தை, கருத்தை அன்று. நோயாளியைப் புரட்டும் முறை எவருடைய சொத்தும் அல்ல, அப்படி இருக்கவும் கூடாது. பார்வையற்றோருக்காகத் தன்னார்வலர்கள் இலாப நோக்கமின்றி நூலை ஒலிப்பதிவு செய்வதையும் சட்டமே அனுமதிக்கிறது. அப்படி ஒரு குழுவினர் என்னிடம் கேட்டபோது, அனுமதியே தேவையில்லை என்று சொல்லி, வாசிக்க எளிதாக யூனிகோடு கோப்பையும் கொடுத்தேன். என் அளவுகோல் எளிது: பெயரை நீக்கியவர், பணம் பண்ணுபவர், பொருளைச் சிதைத்தவர் ஆகிய மூவர்மீது மட்டும் நேரம் செலவிடுகிறேன், மூன்றாமவர்மீது உடனடியாக.

மின்னூலையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் 2016 இறுதி முதல் தமிழ் நூல்கள் கிடைக்கின்றன. அதன் செலக்ட் திட்டத்தில் சேர்ந்தால் 90 நாள் தவணையாக அந்த மின்வடிவத்தை வேறெங்கும், நம் சொந்தத் தளத்தில்கூட, தர முடியாது. அதில் சேராவிட்டால் இந்திய விற்பனைக்கு 70 சதவீத ராயல்டி கிடைக்காது. திருட்டுப் பிரதி பெரும்பாலும் நேர்மையான மின்பிரதி கிடைக்காத இடத்தில்தான் செழிக்கிறது என்பதால் மலிவு விலையில் மின்னூல் வெளியிட்டேன். ஆனால் அச்சு நூல் விற்ற கடைக்காரர்களுக்கு அது உறுத்தாதபடி சில மாதங்கள் பொறுத்தே வெளியிட்டேன்.

இரண்டாம் பதிப்பில் ஒவ்வோர் இரட்டைப் பக்கத்திலும் நூலின் பெயரும் என் பெயரும் படங்களோடு ஒட்டி நிற்கின்றன. பதிப்பு ஆண்டும், திருத்தங்களைப் பார்ப்பதற்கான க்யூஆர் குறியீடும் அத்தியாயத் தொடக்கங்களில் உள்ளன. உரிமைப் பக்கத்தில் வழக்கமாக அச்சாகும் மிரட்டும் தொனியிலான வாசகத்தை எடுத்துவிட்டு இப்படி எழுதினேன்: "இந்நூலின் எந்தத் தனிப் பக்கத்தையும், முழுப் பக்கமாகவும் மாற்றமின்றியும், நோயாளியைப் பராமரிப்பவர்களுக்கு இலவசமாகக் கொடுக்கலாம். ஒலி, காணொளி, மொழிபெயர்ப்பு, விற்பனை ஆகியவற்றுக்கு ஆசிரியரின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும்." வீட்டுச் செவிலியர்களுக்குப் பயிற்சி தரும் ஒரு நிலையத்தார் அதைப் படித்துவிட்டு, இரண்டு பக்கங்களைப் பாடக் குறிப்பாகக் கொடுத்துவருவதாக எழுதியிருந்தார்கள், பன்னிரண்டு பக்கம் வரை பயன்படுத்திக்கொள்ள விரும்புவதாகவும், அதற்கு என்ன நிபந்தனை என்றும் கேட்டிருந்தார்கள். பெயரோடு கொடுங்கள், பயிற்சி முடிக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு முழு நூல் வாங்கிக் கொடுங்கள், ஐம்பது பிரதிக்கு மேல் என்றால் கடைக்குத் தரும் கழிவையே உங்களுக்கும் தருகிறேன் என்று பதில் எழுதினேன். ஒப்புக்கொண்டு ஆணை அனுப்பியிருக்கிறார்கள்.